செர்காங் மாமாவுக்கு ஒரு துண்டு

செர்காங் மலை சோலைக்கரை எஸ்டேட்டுக்கு வந்து நின்ற காலையில் கொழுந்து பறிக்கப் போவது சற்றுத் தாமதமானது, மற்றபடி எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. மூடுபனி விலகியபோது முதலில் ஃபேக்டரியின் தகரக் கூரை தெரிந்தது, பிறகு புகைபோக்கி தெரிந்தது, பிறகு முந்தின நாள் வரை வெறும் காடும் காட்டைத் தாண்டினால் கேரளாவுமாக இருந்த வடக்குப் பக்கத்தில், இடுப்பு வரை கறுத்த பாறையும் அதற்கு மேலே வெள்ளை வெளேரென்ற பனியுமாக, அண்ணாந்து பார்த்தால் தலையிலிருந்த துணி பின்னால் நழுவி விழும் உயரத்துக்கு ஒரு மலை தெரிந்தது.

"நேத்து இது இங்க இல்லையே" என்றாள் பவுனு.

"மூடாப்புல தெரியாம இருந்திருக்கும்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"நான் பொறந்த நாளா மூடாப்பா போட்டிருந்துச்சு? போடி."

ஃபீல்டு ஆபீசர் முருகவேல் தன் பங்குக்கு ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மலையப் பார்த்துக்கிட்டு நின்னா கொழுந்து தானா வந்து கூடையில விழுமா? அதுபாட்டுக்கு நிக்கட்டும், நீங்க நடங்க."

நடந்தார்கள். சிரிமாயா மட்டும் நடக்கவில்லை. கூடையை இறக்கி வைத்தாள், முகத்தில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள், தெருமுனையில் வரும்போதே நடையை வைத்துக் கூடப்பிறந்தவனைத் தெரிந்துகொள்வதுபோல, இடது தோள் சற்றே தாழ்ந்திருந்ததை வைத்து அது யார் என்று தெரிந்துகொண்டாள். அது அவளுடைய அண்ணன்.

சிரிமாயா தமாங் இனத்துப் பெண். நேபாளத்தில் ஆற்றுக்கு மேலே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். தமாங் மக்களுக்கு நேபாளிப் பேச்சிலிருந்து வேறான சொந்தப் பேச்சு உண்டு. ஆனால் அவளுடைய புருஷன் கர்சாங் டார்ஜிலிங் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன், சாதி தமாங் என்றாலும் நாக்கு நேபாளி, ஆகவே வீட்டில் நேபாளி, கொழுந்துக்காட்டில் தமிழ் என்று வருடங்கள் ஓடியதில் அவளுடைய சொந்தப் பேச்சு, மகன் டாவாவைத் தூங்கவைக்கும் நேரத்துக்கும் எப்போதாவது ஊரிலிருந்து வரும் போனுக்கும் மட்டும் என்று சுருங்கிப் போயிருந்தது. டாவாவுக்கு மூன்று வயது நிறைந்திருந்தது. அவன் தலைமுடி பிறந்ததிலிருந்து கத்தரி காணாமல் தோளில் புரண்டது. தமாங் வீடுகளில் பையனின் முதல் முடியைத் தாய்மாமன்தான் எடுக்க வேண்டும், அதுவும் ஒற்றைப்படை வயதில், மூன்றில் இல்லையென்றால் ஐந்தில்.

சிரிமாயாவுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அவளுடைய ஊரில் கூடப்பிறந்தவன் இல்லாத பெண்ணுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பெயர் வைக்கும் அன்று பிள்ளையை வாசலுக்குத் தூக்கி வந்து ஊருக்கு மேலே நிற்கும் பனிமலையின் பக்கம் முகத்தைத் திருப்பி, இவன்தான் உன் அண்ணன், இவன் பெயர் செர்காங் என்று காதில் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவளோ அவள் வீட்டாரோ விளையாட்டுக்கும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அண்ணன் இருக்கும் திசையைப் பார்த்து நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது அழைப்பு. வீட்டில் விசேஷம், நாள் குறித்தாயிற்று, வந்து சேரவும் என்று அர்த்தம்.

கூப்பிட்டது சிரிமாயா அல்ல. பிள்ளைகள் காப்பகத்துப் பிள்ளைகள்.

அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் அந்தக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவள் அமலோற்பவம். தபாலில் பி.ஏ. முடித்தவள், பாதையில் எதிரே ஆள் வந்தால் செடியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்ளும் சுபாவம், பிள்ளைகளிடம் மட்டும் குரல் எழும்பும். வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் பெருகியபோது அவர்களுடைய பிள்ளைகளும் காப்பகத்துக்கு வந்தார்கள். ஒரு மழைநாளில் டாவா காலையிலிருந்து ஒரே வார்த்தையைச் சொல்லி அழுதான். அவள் பால் கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள், ஜன்னலில் நின்று குரங்கு காட்டினாள், தோளில் போட்டு நடந்தாள். சாயங்காலம் சிரிமாயா வந்து, தண்ணீர் கேட்டிருக்கிறான் என்றாள். க்யுயி என்றால் தண்ணீர். தண்ணீர்க் குடம் அவ்வளவு நேரமும் அமலோற்பவத்தின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

மறுநாள் கடைத்தெருவில் சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வந்தாள். நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் தமாங் வார்த்தையைத் தமிழ் எழுத்தில், வலப்பக்கம் தமிழில் அதன் அர்த்தத்தை எழுதினாள். க்யுயி, தண்ணீர். மே, நெருப்பு. மெந்தோ, பூ. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் சிரிமாயா, கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொல்வாள். அமலோற்பவம் எழுதுவாள். எழுதியதைச் சுவரில் மாட்டுவாள். சுவரில் எதை மாட்டினாலும் பிள்ளைகளைக் கூட்டமாக நிற்கவைத்து, கையைக் கட்டச் சொல்லி, சத்தமாக ஒப்பிக்கவைப்பது அவளுக்குத் தெரிந்த ஒரே பாடமுறை, அவளும் அப்படித்தான் படித்தாள்.

ஒருநாள் உறவுமுறைக்கு வந்தார்கள்.

"அம்மாவோட கூடப்பிறந்தவர, தாய்மாமன, உங்கள்ல என்னன்னு சொல்லுவீங்க அக்கா?"

"அஷாங்."

"டாவாவுக்கு அஷாங் இருக்காரா?"

சிரிமாயா சிரித்தாள். விஷயத்தைச் சொன்னாள். மலையின் பெயரை அமலோற்பவத்தின் காதருகில் குனிந்து, சுவாசத்தோடு சுவாசமாகச் சொன்னாள். மெதுவாக ஏன் சொல்கிறாள் என்று கேட்கக் கூச்சம், அமலோற்பவம் கேட்கவில்லை. வார்த்தைக்கு ஓர் உதாரணம் இருந்தால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும் என்று நினைத்து, 'அஷாங், தாய்மாமன்' என்பதற்குக் கீழே 'டாவாவின் அஷாங் செர்காங்' என்று சிவப்பு மையில் எழுதி, காலியாக இருந்த வடக்குச் சுவரில் மாட்டினாள். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் காப்பகத்துப் பிள்ளைகள் வடக்கே பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தி அந்தப் பெயரைச் சொன்னார்கள். இத்தனை பிள்ளைகள் இத்தனை நாள் இவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டால் எந்த மாமன்தான் வராமல் இருப்பான்?

அன்று மத்தியானம் எடை போடும் இடத்தில் சிரிமாயா பவுனுவிடம் சொன்னாள். "அது என் அண்ணன்."

"ஒனக்குத்தான் கூடப்பிறந்தவன் இல்லையே?"

"இவருதான்."

"அப்ப நம்ம டாவாவுக்கு?"

"தாய்மாமா."

பவுனு உரக்க ஒரு மூச்சு விட்டாள். காலையிலிருந்து எல்லோர் நெஞ்சிலும் இருந்த ஒரு பாரம் அந்த மூச்சில் இறங்கியது. யாரோ என்னவோ என்று இருக்கும்வரை பயம், முறை தெரிந்துவிட்டால் பிறகு என்ன? "அடியே, இது டாவாவோட மாமனாம்டி" என்று அவள் கத்தியது கீழ்க்காடு வரைக்கும் போயிற்று.

"இவ்வளவு பெரிய ஆளு, வெறுங்கையோடவா வந்தாரு?"

"தொர எந்த லைன்ல வீடு குடுப்பாரு இவருக்கு?"

"எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா சிரிமாயா. ஆளு கொஞ்சம் சில்லுனு இருந்தாலும் பரவால்ல, கேட்டுச் சொல்லு."

இப்படியாக மலை எஸ்டேட்டில் தங்கியது. யானைக் கூட்டம் வழக்கமான தடத்தில் வந்து, பாறையை ஒருமுறை தும்பிக்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போயிற்று. சிங்கவால் குரங்குகள் பனி தொடங்கும் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து வாலை மடியில் வைத்துக்கொண்டன. வனத்துறைக்காரர் ஒருவர் ஜீப்பில் வந்து யாரைக் கேட்டு இது இங்கே நிற்கிறது என்று விசாரித்தார், ஒரு விசேஷத்துக்கு வந்திருக்கிறார், முடிந்ததும் போய்விடுவார் என்று முருகவேல் சொன்னதும், அப்படியானால் சரி, நெருப்பு மட்டும் மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மலையின் பின்பக்கம் எங்களுடையது என்று கேரளாவிலிருந்து நாலு பேர் வந்து கொடி நட்டார்கள், குளிர் தாங்காமல் அன்று மாலையே கொடியைப் போர்த்திக்கொண்டு இறங்கினார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி ஒரு சூடம் காட்டினார், சர்ச்சிலிருந்து ஃபாதர் வந்து ஒரு ஜெபம் சொன்னார், இரண்டு பேரும் டீக்கடையில் சந்தித்துக்கொண்டபோது குளிரைப் பற்றி மட்டும் பேசினார்கள். டீக்கடை குஞ்ஞுமோன் 'பனிமலை பார்க்குமிடம்' என்று ஒரு போர்டு எழுதி வைத்தான், போர்டுக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் மலை அதே அளவுதான் தெரிந்தது. கொழுந்து துளிர்க்க நாளானது, பறித்த இலை குறைந்தது, ஆனால் அரைத்த தூளில் இதுவரை யாரும் அறியாத ஒரு வாசனை வந்தது, அதை ருசி பார்த்த எஸ்டேட் மேனேஜர் தொர கண்ணை மூடிக்கொண்டு, அந்த மலையை யாரும் எதுவும் சொல்லாதீர்கள் என்றார்.

கஷ்டப்பட்டவன் கர்சாங் ஒருவன்தான். ஃபேக்டரியில் இலை உலர்த்தும் மெஷினில் வேலை, வெளியே வந்தால் மச்சான் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டான். பீடியை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்தான்.

"என்ன கர்சாங், மச்சான் ஒசந்த ஆளாயிட்டாரோ?" என்று டீக்கடையில் கேட்டால், "மெல்ல பேசுண்ணே, கேக்கும்" என்பான்.

சிரிமாயாவுக்கோ வார்த்தைகள் திரும்பி வந்தன. கொழுந்து பறித்துக்கொண்டே நிமிர்ந்து மலையின் ஒரு மடிப்பைப் பார்ப்பாள், அந்த மடிப்பில் சின்ன வயதில் ஆடு தொலைத்தது நினைவு வரும், ஆட்டை அதட்டும் வார்த்தை வரும், ஆட்டுக்காக அம்மா திட்டிய வார்த்தை வரும், திட்டிவிட்டுக் கஞ்சி ஊற்றிய பாத்திரத்தின் பெயர் வரும். இருட்டுமுன் பெய்யும் பனிக்கு ஒரு பெயர் இருந்தது, பெய்து மறுநாள் இறுகிய பனிக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் மடியில் கட்டிய கடலைபோலச் சாயங்காலம் வரை சிந்தாமல் கொண்டுபோய் அமலோற்பவத்திடம் சேர்ப்பாள்.

பனிக்கான வார்த்தைகளுக்கு வலப்பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அமலோற்பவம் மலைக்குப் போய்க் கையால் தொட்டுவிட்டு வந்து, 'உப்புப்போல் உதிரும் பனி' என்றும், 'பல்லைக் கூசவைக்கும் பனி' என்றும் எழுதினாள். உறவுமுறையில் அந்தக் கஷ்டமே இருக்கவில்லை. நேபாளியில் சொன்னால் கர்சாங்குக்கே குழம்பிப்போகும் முறையெல்லாம் தமிழில் அப்படி அப்படியே போய் உட்கார்ந்தது.

"எங்கள்ல அஷாங் மகளக் கட்டலாம். சித்தப்பா மகளக் கட்டக் கூடாது, அவ தங்கச்சி."

"எங்கள்லயும் அதேதான் அக்கா!"

"அஷாங்தான் மாமனாரும்."

"எங்க அம்மாவுக்கும் தாய்மாமன்தான் மாமனார்."

இருவரும் வாசலில் நின்று சிரித்தார்கள். அமலோற்பவம் வாய்விட்டுச் சிரித்ததைப் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள். வடக்குச் சுவர் நிறைந்து கிழக்குச் சுவரும் நிறைந்து, ஜன்னலுக்கு மேலேயும் அட்டைகள் ஏறின. இப்படி ஒரு அகராதி இதற்கு முன் இருந்ததா என்று இருவருக்கும் தெரியாது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இது அவர்களுடையது.

அப்போதுதான் ஊரிலிருந்து தங்கை டோல்மா போன் செய்தாள். எஸ்டேட்டில் பாலத்தருகே மட்டும் சிக்னல் கிடைக்கும். சிரிமாயா பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பேசினாள்.

"அக்கா, இங்க ஒரு விஷயம். மேல இருந்த மலையக் காணோம்."

சிரிமாயா நிமிர்ந்து மலையைப் பார்த்தாள்.

"காணோம்னா?"

"காணோம்னா காணோம். அந்த இடத்துல வெறும் வானந்தான். ஊர்ல எல்லாரும் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிட்டாங்களே, மலையும் போயிருச்சுன்னு பேசிக்கிறாங்க. நம்ம பெரியப்பா, எந்த நாட்டுக்குப் போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ண வேண்டாமான்னு கோவிச்சுக்கிட்டிருக்காரு." டோல்மா சிரித்தாள். பிறகு சிரிக்காத குரலில், "ஓடையில தண்ணி கொறஞ்சு போச்சு அக்கா" என்றாள்.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் அடுத்த வார்த்தை 'அனுப்பி வை' என்பதாகத்தான் இருக்கும். விசேஷத்துக்கு வந்த தாய்மாமனை விசேஷம் முடியாமல் அனுப்ப முடியாது, முடிந்துவிட்டால் நிறுத்திவைக்கவும் முடியாது. டாவாவின் தலைமுடி தலையில் இருக்கும்வரை அண்ணன் இங்கே. அண்ணன் இங்கே இருக்கும்வரை வார்த்தைகள் இங்கே. "மழை வந்தா சரியாயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

"எப்ப டாவாவுக்கு முடி எடுக்கிற?" என்று பவுனு கேட்டபோது தை பிறக்கட்டும் என்றாள். தை பிறந்தது, வேலை அதிகமாயிருக்கிறது என்றாள். மாசியில் தனக்கு உடம்பு சரியில்லை என்றாள். பங்குனி முடிவில் டாவாவுக்கு நாலு வயதாகிவிடும். நாலு இரட்டைப்படை, அதன்பிறகு ஐந்துவரை பொறுக்க வேண்டும், ஒரு வருடம் முழுக்க மலை நிற்கும். இந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் டாவாவின் தலையை வாரிவிடும்போது, சீப்பு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அது அவளுக்குள்ளும் இறங்கியது. பையன் கழுத்தைச் சிலுப்பிக்கொண்டு, அரிக்குதும்மா என்று தமிழில் அழுதான்.

டோல்மா மறுபடியும் கூப்பிட்டபோது குரல் வறண்டிருந்தது.

"நாங்க காத்மாண்டு போறோம் அக்கா. ஓடை நின்னு போச்சு. உருளைக்கிழங்கு வெதைக்கல. வீடு வீடாப் பூட்டிக்கிட்டு இறங்குறாங்க."

"எல்லாரும் ஒண்ணாவா இருப்பீங்க?"

"எங்க ஒண்ணா? பெரியப்பா அவரு மக வீட்டுக்குப் போறாரு. நான் கம்பளத் தொழிற்சாலையில கேட்டிருக்கேன். மத்தவங்க அவங்கவங்களுக்குக் கெடச்ச எடத்துல."

சிரிமாயாவுக்கு அன்று காலையிலிருந்து ஒரு வார்த்தை பாதி வந்து பாதி வராமல் தொண்டையில் நின்றது. கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டுவிட்டாள். "டோல்மா, உரல்ல தானியம் குத்தும்போது ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குமே, அதுக்கு நாம என்ன சொல்லுவோம்?"



"குத்தறதுக்குத் தானியம் இல்லாத ஊர்ல அதோட பேரக் கேக்கிறியே அக்கா" என்றாள் டோல்மா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். போன் நின்றுவிட்டது.

சிரிமாயா காப்பகத்துக்கு நடந்தாள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள். எல்லாம் அவள் கொடுத்த வார்த்தைகள், ஒன்றும் விட்டுப்போகவில்லை, உச்சரிப்பும் பரவாயில்லை. அஷாங், தாய்மாமன். க்யுயி, தண்ணீர். ஆனால் ஒப்பித்து முடித்ததும் ஒரு பையன் குடத்தருகே போய், "டீச்சர், தண்ணி" என்று தமிழில்தான் கேட்டான். டாவாவும் தமிழில்தான் கேட்டான். சுவரில் இவ்வளவு வார்த்தைகள் இருந்தன, க்யுயி என்று சொல்லித் தண்ணீர் கேட்கிற வாய்கள் அங்கே ஊரைப் பூட்டிக்கொண்டு திசைக்கு ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

பிள்ளைகள் தூங்கியதும் அமலோற்பவத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெயரைச் சொன்னால் அழைப்பு என்பதையும், ஓடை வற்றியதையும், தான் ஒன்றும் தெரியாதவள்போல இருந்ததையும், பங்குனிக் கணக்கையும்.

"அகராதி இன்னும் பாதிகூட முடியலையே அக்கா" என்றாள் அமலோற்பவம். சொன்ன உடனே அவள் முகம் சிவந்துபோயிற்று, ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "பாவம் அந்த ஊரு, கூப்பிட்டது நானு. தெரியாம, தினமும்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல், "டாவாவுக்குப் பிறந்தநாள் என்னைக்கு?" என்றாள்.

"புதன்கிழமை."

"அப்ப அதுக்கு முன்னாடி வர்ற ஞாயித்துக்கிழமையே வச்சிருவோம்."

தாய்மாமன் வந்திருக்கும் விசேஷத்தை எப்படி நடத்துவது என்று சோலைக்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மைக் செட் வந்தது. வாழைமரம் கட்டினார்கள். மலையின் அடிவாரத்தில் காட்டை ஒட்டி ஒரு பாறை மடிப்பு நாற்காலிபோல் இருந்தது, மாமன் மடி அதுதான் என்று முடிவாகி, ஜமுக்காளம் விரித்து டாவாவை உட்காரவைத்தார்கள். வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் நெய்விளக்கு ஏற்றின, பவுனு ஆரத்தி கரைத்தாள். கத்தரியை யார் பிடிப்பது என்பதில் மட்டும் சிறு தகராறு. முடிதிருத்தும் சின்னத்தம்பி கத்தரியைப் பாறையில் ஒருமுறை வைத்து எடுத்து, "மாமா, மொதல் வெட்டு ஒங்களுது. கையி மட்டுந்தான் என்னுது" என்று அனுமதி கேட்டுவிட்டு வெட்டினான். முதல் கற்றை பாறையில் விழுந்தது. மேலேயிருந்து கொஞ்சம் பனி உதிர்ந்து டாவாவின் தலையில் விழுந்தது, பையன் சிலிர்த்துச் சிரித்தான். மாமன் ஆசீர்வாதம் பண்ணிவிட்டார் என்றார்கள்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசியதும் மாமனுக்கு மரியாதை செய்ய வேண்டும். தமாங் வழக்கப்படி வெள்ளைப் பட்டுத்துணி போட வேண்டும், அது எஸ்டேட்டில் எங்கே கிடைக்கும்? எங்கள் வழக்கப்படி துண்டு போர்த்தலாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார் முருகவேல். ஆனால் இந்தத் தோளுக்குத் துண்டு? பவுனு தன் தோளில் கிடந்த தேங்காய்ப்பூ துண்டை உருவிக் கொடுத்தாள். அடுத்தவள் கொடுத்தாள். லைன் வீடுகளின் கொடிகளில் காய்ந்த பச்சைத் துண்டு, ரோஸ் துண்டு, நீலத் துண்டு எல்லாம் வந்தன, தொர பங்களாவிலிருந்து ஓரத்தில் பூப்போட்ட ஒன்றும் வந்தது. டெய்லர் ஆரோக்கியம் மெஷினை அடிவாரத்துக்கே தூக்கிவரச் செய்து, முதல் நாளிலிருந்து ஒன்றோடு ஒன்று தைத்திருந்தார். கர்சாங்தான் அதைத் தோளில் சுமந்துகொண்டு மலையில் ஏறினான். மச்சானுக்கு முறைசெய்ய வேண்டியவன் அவன். தாழ்ந்திருந்த இடது தோள் வரைக்கும் ஏறிப் போர்த்திவிட்டு, இறங்கி வந்து, இருமிக்கொண்டே, "ஒண்ணும் சொல்லல" என்றான்.

முதல் இலையை மாமனுக்குப் போட்டு, பாயசம் வரை பரிமாறிவிட்டுத்தான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு சிரிமாயா அடிவாரத்தில் நின்றாள். அண்ணனை வழியனுப்ப அவளுக்குச் சொந்தப் பேச்சில் வார்த்தை வரவில்லை. பிறந்ததிலிருந்து அவனை அவள் வழியனுப்பியதே இல்லை, அவன் நின்றுகொண்டே இருந்தான், கிளம்பி வந்தவள் அவள்தான். கொழுந்துக்காட்டில் தினமும் கேட்டுப் பழகியதைச் சொன்னாள்.

"போயிட்டு வாங்க."

காலையில் மூடுபனி விலகியபோது ஃபேக்டரிக்குப் பின்னால் காடு மட்டும் இருந்தது. கொழுந்து பறிக்கப் போவது சற்றுத் தாமதமானது. கர்சாங் வெளிப்படையாக ஒரு பீடி பற்றவைத்தான், இரண்டு இழுப்பில் அணைத்துவிட்டான். குஞ்ஞுமோன் போர்டை எடுக்கவில்லை, மாமன் மறுபடி வரும்போது இன்னொன்று எழுத வேண்டாமே என்றான். அமலோற்பவம் வடக்குச் சுவரில் அந்தச் சிவப்பு வரியின் மேல் ஒரு நாட்காட்டியை மாட்டி மறைத்தாள். வார்த்தைகள் சொல்லிக்கொள்ளாமல் போயின. உப்புப்போல் உதிரும் பனியின் பெயரைச் சிரிமாயா அட்டையைப் பார்த்து எழுத்துக் கூட்டித்தான் படித்தாள், படித்தபோது யாரோ சொல்லக் கேட்பதுபோல இருந்தது.

டோல்மாவிடமிருந்து போன் வரவில்லை. கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சிரிமாயா பாலத்தில் நின்றாள்.

கடைசியில் போன் வந்தபோது அவள் காப்பகத்தில் இருந்தாள், பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்தாள். சிக்னல் இல்லாத இடம், இருந்தும் வந்தது. மறுமுனையில் ஒரே சத்தம், ஆட்டுச் சத்தம், பல பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம், அதற்கு அடியில் சளசளவென்று தண்ணீர்ச் சத்தம்.

"அக்கா! வந்திருச்சு! கீழ போனவங்க எல்லாம் பாதி வழியிலேயே திரும்பிட்டாங்க. வண்டியிலிருந்து சாமான இறக்கிக்கிட்டிருக்காங்க."

சிரிமாயா ஒரு காதைப் பொத்திக்கொண்டு தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டாள்.

"கேக்குதா அக்கா? இன்னொண்ணு. எந்த நாட்டுக்குப் போயிருந்துச்சோ, தோள்ல என்னமோ போட்டுக்கிட்டு வந்திருக்கு. பச்சை, ரோஸ், நீலம்னு. ஓரத்துல ஒரு எடத்துல பூவெல்லாம் இருக்கு. பெரியப்பா, வெளிநாட்டுக்குப் போயிட்டு வந்தவன் எவன்தான் பழைய துணியில வருவான்ங்கிறாரு. புள்ளைங்க எல்லாம் அது என்ன, அது என்னன்னு என்னப் பிடுங்குதுங்க. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன அது?"

தமாங்கில் அதற்கு வார்த்தை இல்லை. "துண்டு" என்றாள் சிரிமாயா.

"துண்டு" என்று சொல்லிப் பார்த்தாள் டோல்மா. பிறகு போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினாள். மலைச்சரிவு ஊரின் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னது போனில் இரைந்து வந்தது. ஒரு வார்த்தை சத்தமாகக் காதில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று காப்பகத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டை விட்டு எழுந்து, வரிசையில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, துண்டு என்று பதிலுக்குக் கத்தினார்கள். அங்கிருந்து மறுபடி வந்தது. இங்கிருந்து மறுபடி போயிற்று. மொட்டைத் தலை டாவா எல்லோரையும்விட உரக்கக் கத்தினான், கத்திவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல, வடக்குச் சுவரில் நாட்காட்டி மாட்டிய இடத்தைப் பார்த்து மூச்சை இழுத்தான்.

புதிய அட்டையின் இடப்பக்கத்தில் 'துண்டு' என்று எழுதிக்கொண்டிருந்த அமலோற்பவம் பேனாவைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"அது மட்டும் வேண்டாம் கண்ணு. இன்னும் நாள் குறிக்கல."